தொப்புளுக்குக் கீழே ஒரு வயல்

சீனத்தார் தம் உடற்பயிற்சியைப்பற்றிப் பேசும்பொழுது அடிக்கடி வழங்கும் சொல் ஒன்றுண்டு. ‘தான்தியென்’ என்பது அது. அச்சொல்லை அவர் இரண்டு எழுத்துக்களால் எழுதுவர். முதலெழுத்துக்குச் சாதிலிங்கம் என்பது பொருள். மற்றதற்கு வயல் என்பது பொருள். சாதிலிங்கமாவது யாது என்று நம் நாட்டு மருந்துக்கடைக்காரரைக் கேட்டால் அவரே சொல்லுவார்: இரசமும் கந்தகமும் கூடிய செந்நிறச் சரக்கு. அச்சரக்கு விளையும் வயலொன்று மனிதனுடைய தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றின் உள்ளே கிடக்கின்றது என்று சொன்னால் நம்மிற் சிலர் கைகூப்புவர், சிலர் நகைப்பர். இவ்விரு சாராரும் சற்றே பொறுத்திருந்து கேட்கத்தக்க செய்தி ஒன்று அச்சொல்லினுள் உண்டென்பது என் கருத்து.

பழைய சீனத்தில் சாவாமருந்து காய்ச்சுவோர் பலர் இருந்தனர். சாதிலிங்கத்தை நெருப்பிலிட்டால் இரசம் பிரிந்து வரும். அவ்விரசத்தை மீண்டும் கந்தகத்தோடு கூட்டிப் பக்குவஞ்செய்தால் செம்மை திரும்பும். இங்ஙனம் மாய்ந்து பிறக்கும் பொருளை உண்டவன் தானும் மாயான் என அவர்கள் எண்ணினர் போலும். உண்டவர் மாண்டனர். தாங் வமிசத்து மன்னன் வூசோங் 846ஆம் ஆண்டில் இறந்ததற்கு இத்தகைய மருந்தே காரணமென்று வரலாற்றாசிரியர் கூறுவர். காலப்போக்கில், அடுப்பும் சட்டியும் புறத்தே வேண்டா; மனிதனுடலே அடுப்பு, மூச்சே துருத்தி என்னும் கொள்கை ஓங்கிற்று. அக்கொள்கைக்கு வேண்டிய இடக்குறிப்பு முன்னமே அமைந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ ஹொங் என்னும் தாவோ நெறியாளர் மூன்று வயல்களைக் குறித்துவைத்தார்: தொப்புளுக்கு இரண்டங்குலமும் சிறிதும் கீழே ஒன்று, நெஞ்சில் ஒன்று, புருவங்களின் நடுவில் ஒன்று. சண்டைக்கலையார் தான்தியென் என்று வாளா சொன்னால் அது கீழ்வயலையே குறிக்கும்.

நம்முடைய ஆறாதாரக் கொள்கையை நினைத்துக்கொண்டு, “இது நம்மிடமிருந்து போனதே” என்று இதற்குள் ஒருவர் முணுமுணுத்திருப்பார். ஒப்புமை உண்டு; மறுக்கவில்லை. ஒப்புமை உறவாகாது. அதனினும் பெரிய உரிமை கொண்டாட்டம் ஒன்று நம்மிடையே உலவுகின்றது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனருக்குக் கைச்சண்டை கற்பித்தார் என்பர்; 2011இல் வந்த திரைப்படம் ஒன்றால் இக்கதை லயம்தோறும் பரவிற்று. அவர் அதனைக் கற்பித்தாரென்று சொல்லும் சான்று பதினேழாம் நூற்றாண்டிற்கு முற்பட்டு ஒன்றுமில்லை. அன்றியும், உள்வகைச் சண்டைக்கலையார் அவரைத் தம் குருவாகச் சொன்னவருமல்லர். அவர்கள் சொன்னது சாங் சான்ஃபெங் என்னும் தாவோ முனிவரை. இவ்விரு கதைகளையும் அறுத்தெறிந்தவர் ஒரு சீனரே. தாங் ஹாவ் என்பது அவர் பெயர். வாழ்ந்த காலம் 1897 முதல் 1959 வரை. 1930இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் தம்மவரிற் பலருக்குக் கசந்தது. தம் புராணத்தைத் தாமே ஆராய்ந்து தள்ளிய சீனரின் முன்னே, நாம் அதனைக் கடனாக வாங்கிச் சூடிக்கொண்டு நிற்பது அழகன்று.

அவ்வறிஞர் தேடிச் சென்ற ஊர் ஹெனான் மாகாணத்துச் சென் சிற்றூர். அங்குப் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் என்னும் போர்வீரரிடத்தே தாய்ச்சி என்னும் கலையின் தொடக்கத்தை அவர் கண்டார். அவ்வூரிற் கற்ற யாங் லூசான் (1799–1872) அதனைப் பீகிங் நகருக்குக் கொண்டுசென்றார். அவருடைய பேரர் யாங் செங்ஃபூ (1883–1936) அதனை மெல்லென்று, அகல அகல இயங்கும் பயிற்சியாக்கி ஊரெங்கும் கற்பித்தார். சிங்யீ, பாகுவா என்பன வேறிரண்டு கலைகள். இம்மூன்றும் ஒரு குடும்பம் என்று எடுத்துக்காட்டி, 1915 தொடங்கி நூல்கள் எழுதினவர் சுன் லூதாங். மூன்றுக்கும் பொதுவான சொத்து யாதென்று கேட்டால், அந்தக் கீழ்வயலே.

நம் பக்கத்துக்கு இக்கலை வந்த வழிகளில் ஒன்றையேனும் குறிக்கவேண்டும். ஃபூச்சியென் மாகாணத்தில் 1910இல் பிறந்த ஹுவாங் சிங்சியென் என்பார், தைவானில் செங் மான்சிங் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் கற்று, 1950களில் சிங்கப்பூர் வந்தார். 1992இல் மறையும் வரையில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகள் பல நிறுவினார். நம் பட்டணத்துத் திடல்களில் வைகறையில் கையை மெல்லச் சுழற்றிக்கொண்டு நிற்கும் முதியோரை நாம் காண்கின்றோமே, அவர்களிற் பலருக்கு அவர் ஆசிரியரின் ஆசிரியராவார்.

எங்கள் தோட்டத்துக்கு ஆறு கல் தொலைவிலுள்ள திடலில் ஞாயிறுதோறும் அத்தகையோர் இருபது முப்பதின்மர் கூடுவர். கற்பிப்பவர் எழுபது கடந்தவர், மிதிவண்டிக்கடை வைத்திருந்தவர். யாவரும் அவரை ஆப்பேக் என்பர், யானும் அங்ஙனமே. நான்கு ஆண்டுகளாக அவரிடம் போய்வருகின்றேன். எனக்குச் சீனம் வாராது; அவருக்குத் தமிழ் வாராது; கடைத்தெரு மலாயே எங்கள் ஆட்சிமொழி. இதனால் ஒரு நன்மை விளைந்தது. தத்துவம் பேச எங்கள் இருவருக்கும் சொல் இல்லாமற்போயிற்று. உடலாற் காட்டக்கூடியதை மட்டுமே அவர் எனக்குக் கற்பிக்க முடிந்தது.

முதல் மூன்று திங்களும் நிற்றலே பாடம். கால்களைத் தோளகலம் விரித்து, முழங்காலைச் சிறிதே தளர்த்தி, முதுகுத்தண்டின் நுனி தரையை நோக்கித் தொங்கும்படி நிற்கவேண்டும். தோள்கள் இறங்கவேண்டும். நெஞ்சை நிமிர்த்துதல் ஆகாது. பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல் நின்றால் ஆப்பேக் என் மார்பில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்துவார். இவையெல்லாம் அமைந்தபின் மூச்சுத் தானே கீழிறங்கும். அதனை இறக்க முயலுதல் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. முயன்று இறக்குகின்றவன் வயிற்றை உப்பவைப்பான். அது சோற்றால் நிரம்பிய வயிறு போன்றதேயன்றி வயல் அன்று. நெஞ்சு காலியாய், அடிவயிறு நிறைவாய், பாதம் கனமாய்த் தோன்றும் அந்நிலையைச் சீனர் ‘ச்சி’ தான்தியெனில் அமர்ந்த நிலை என்பர். ‘ச்சி’ என்பதை நீட்டி எழுதினால் நம்மவர் முகஞ்சுளிப்பர். ஆதலிற் குறுக்கி எழுதினேன். ஹொக்கியன் பேசும் ஆப்பேக் அதனைக் ‘கீ’ என்பார். மூச்சு, ஆவி, ஊக்கம் ஆகிய இத்தனையும் அவ்வொரு சொல்லில் அடங்கும்.

நின்று பழகியபின் அசைவு தொடங்கும். இங்கேதான் வயலின் பயன் விளங்குகின்றது. கையை முன்னே தள்ளுக என்றால் நாமெல்லோரும் தோளால் தள்ளுவோம். ஆப்பேக் தலையை ஆட்டுவார்: “தாங்ஙான் தா பாயா, பெரூட் ஜாலான் டூலு.” கை வேண்டா, வயிறு முன்னே நடக்கட்டும் என்பது பொருள். பாதம் தரையை அழுத்த, அவ்வழுத்தம் காலேறி இடுப்பில் சேர, அடிவயிறு திரும்ப, அத்திருப்பம் முதுகின் வழியே ஏறித் தோளைக் கடந்து, கைக்கு வந்துசேரவேண்டும். கை கடைசியில் வரும் விருந்தாளி. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய நம் பாட்டிமாரை நினைவிற் கொள்க. புதிதாய் வந்த மருமகள் தோளால் ஆட்டி அரைநாழிகையில் சலிப்பாள். பாட்டியோ இடுப்பால் ஆட்டிக்கொண்டே ஊர்க்கதை முழுதும் பேசி முடிப்பாள். கை குழவியைப் பிடித்திருக்கும், ஆட்டுவது கையன்று.

சென் குடும்பத்துமுறையில் இத்திருப்பமே முதன்மை. அடிவயிற்றில் ஓர் உருண்டை இருப்பதாகக் கொண்டு அதனை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் உருட்டுவர். உடலின் மற்ற உறுப்புக்கள் அதன் வழியே சுருண்டு விரியும். பட்டுப்பூச்சிக் கூட்டிலிருந்து நூலிழுப்பதற்கு அவர்கள் இதனை ஒப்பிடுவர். விரைந்து இழுத்தால் நூல் அறும், நிறுத்தினாற் சிக்கும். யாங் வழியினர் உருட்டலைக் குறைத்து அமர்தலை மிகுப்பர். சிங்யீயில் சுழற்சி புறத்தே தெரியாது. முன்னங்காலை இட்டு, பின்னங்கால் தொடர, காலும் கையும் ஒரே கணத்தில் சென்றடையும்படி நேரே குத்துவர். பாகுவாவோ வட்டத்தில் நடந்துகொண்டேயிருப்பது. நடக்கையில் இடுப்பின் உயரம் ஏறாமல் இறங்காமல், நிறைகுடம் சுமந்தவள் நடைபோல் இருக்கவேண்டும்.

குத்தும் கணத்தில் மூச்சை விடும் முறையிலும் வேறுபாடு உண்டு. இயல்பாக மூச்சு வாங்கும்பொழுது வயிறு விரியும், விடும்பொழுது ஒடுங்கும். அடி விடுவதற்கு இதனை மாற்றிச் செய்வாரும் உளர். வாங்கும்பொழுது அடிவயிற்றை உள்ளிழுத்து, விடும்பொழுது திண்மையாக்குவர். இது மூச்சையடக்கி முக்குதலன்று. முக்கினால் இரத்த அழுத்தம் கடுகி ஏறும். ஏற்கெனவே அந்நோயுடையார்க்கு அது கேடு. ஆசிரியரின்றி இதனைப் பழகவேண்டா என்று ஆப்பேக் எல்லோருக்கும் சொல்லுவார்.

இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து மெல்லத் தள்ளிப் பழகும் ஒரு பயிற்சியும் உண்டு. ஆப்பேக் என் கையைத் தள்ளுவதில்லை. என் கையின் வழியே என் இடுப்பைத் தேடுகின்றார். என் தோள் எங்கே விறைக்கின்றதோ அங்கே அவருக்கு ஒரு கம்பு கிடைத்துவிடுகின்றது; அக்கம்பைப் பற்றி என் வயிற்றை ஆட்டிவிடுகின்றார், யான் பின்னே இரண்டடி போகின்றேன். யான் தள்ளும்பொழுதோ தள்ளுவதற்கு ஒன்றும் அகப்படுவதில்லை. அவர் இடுப்பு சிறிதே அமிழ்ந்து திரும்புகின்றது, என் பலம் பக்கத்தில் வழிந்துபோகின்றது. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒருநாள் திடலிற் பந்தாடிய இளைஞன் ஒருவன் வேடிக்கையாக ஓடிவந்து அவரை மோதப் பார்த்தான். அவர் சட்டென்று விலகிக்கொண்டார். விலகிக்கொள்ளத் தெரிந்ததும் வித்தையே.

இனி, அந்த வயல் உண்மையில் உண்டா? உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் எவரும் அங்குத் தனியுறுப்பு ஒன்றைக் கண்டதில்லை. ‘ச்சி’யை அளக்கும் கருவியும் இல்லை. ஆயினும் அவ்விடம் வெற்றிடமன்று. நிமிர்ந்து நிற்கும் மனிதனுடைய எடை முழுவதும் எப்புள்ளியிற் குவிந்ததாகக் கணக்கிடலாமோ அப்புள்ளி, அவன் உயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 55 பங்கில், இடுப்பெலும்பின் கூட்டுக்குள், முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்புக்குச் சற்று முன்னே அமைந்துள்ளது. சீனர் சுட்டும் இடத்துக்கும் இதற்கும் தொலைவு மிகுதியில்லை. ஒருவனைச் சாய்க்கவேண்டுமாயின் அப்புள்ளியை அவன் பாதங்களின் எல்லைக்கு வெளியே தள்ளவேண்டும். சாயாதிருக்கவேண்டுமாயின் அதனை உள்ளே வைத்துக்கொள்ளவேண்டும். ஆப்பேக் தேடுவது இதனையே.

மற்றொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்தேன். நாம் கையை உயர்த்துவதற்கு முன்னரே, வயிற்றை அரைக்கச்சைபோற் சுற்றியுள்ள ஆழ்தசை ஒன்று தானே இறுகி முதுகைத் தாங்கிக்கொள்கின்றதாம். முதுகுவலியுடையாரிடத்து அத்தசை காலந்தாழ்த்தே இறுகுகின்றதாம். வயிறு முன்னே நடக்கட்டும் என்று மிதிவண்டிக்கடைக்காரர் சொல்லுவதற்கும், அவ்விருவர் மின்கருவி வைத்து அளந்ததற்கும் இடையே எனக்கு வேற்றுமை பெரிதாகத் தோன்றவில்லை. தான்தியென் என்பது ஒரு பொருளின் பெயரன்று. கவனத்தை வைக்கவேண்டிய இடத்தின் பெயர். கவனம் தோளிலிருந்தால் தோள் வேலைசெய்யும். அடிவயிற்றிலிருந்தால் உடல் முழுதும் வேலைசெய்யும். சாதிலிங்கம் என்பது பழையோர் அதற்கு இட்ட பூச்சு.

பூச்சையே பொருளென்று கொண்டாருக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1900இல் சீனத்தில் அயல்நாட்டாரை எதிர்த்தெழுந்த கைச்சண்டைக் கூட்டத்தார், மந்திரமும் மூச்சுப்பயிற்சியும் தம்முடலைக் குண்டு துளையாதபடி காக்குமென்று நம்பித் துப்பாக்கிகளின் முன்னே சென்றனர். அவர்தம் நாட்டுப்பற்றை யான் இகழவில்லை; குண்டு துளைத்தது. அண்மையில், 2017இல், செங்தூ நகரில் தாய்ச்சி ஆசிரியரென்று பெயர்பெற்ற ஒருவரைச் சூ சியாவ்தொங் என்னும் கலப்புச் சண்டைக்கலைப் பயிற்சியாளர் அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அக்காட்சியை உலகமே கண்டது. அடி வாங்கிப் பழகாதவனுக்கு எவ்வயலும் துணைசெய்யாது.

இவை தொலைநாட்டுச் செய்திகள். என் பெரியப்பா, ஐம்பது ஆண்டு முதலில் ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் வெட்டியவர், நீரிழிவுடையவர். பக்கத்துப் பட்டணத்தில் ஒருவன் வயலைத் திறந்து நோயை எரித்துவிடுவதாகக் கூறி 600 வெள்ளி வாங்கினான். தொப்புளின்மேல் உள்ளங்கையை வைத்து ஏதோ முணுமுணுத்தான். மாத்திரை இனி வேண்டா என்றான். அவன் சீனனல்லன் என்பதையும் சொல்லிவிடுகின்றேன், மோசடிக்கு இனமில்லை. நான்கு திங்கள் கழித்துப் பெரியப்பாவின் காலிற் புண் கண்டது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை நீக்கினர். வீட்டிலுள்ளோர் அன்றுமுதல் தான்தியென் என்னும் சொல்லையே வெறுத்தனர். வெறுப்பு நியாயமே. ஆயினும் திருடன் ஒருவன் தராசைக் கையிற்கொண்டான் என்பதற்காக எடைபோடுதலே பொய்யென்று சொல்லிவிடலாமோ?

இக்கேள்வி எனக்கு வீண்வாதமன்று. யான் கிராணி, செக்ரோலில் பெயர் போடுபவன். எந்தக் கைக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் சீக்கு என்பது என் பேனாவின் வழியே போகின்றது. குலைவெட்டுக்காரரின் விடுப்புச் சீட்டுகளில் இடுப்புவலி என்று எழுதப்பட்டதைப்போல் வேறொன்றும் அத்துணை முறை எழுதப்படுவதில்லை. அவர்களிற் பெரும்பாலோர் இப்பொழுது இந்தோனேசியரும் வங்காளதேசத்தாருமாவர். நம்மவர் சிலரே எஞ்சியுள்ளனர். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டித் தலைக்குமேல் உயர்த்தி இழுப்பதும், இருபது கிலோ குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் எறிவதும் அவர்கள் தொழில். நன்றாய்ப் பார்த்தால், இருபது ஆண்டு இவ்வேலை செய்தும் நிமிர்ந்து நடப்பவன் கையால் இழுப்பதில்லை; ஒருகால் பின்வாங்கி, இடுப்பு அமர்ந்து, உடலெடையால் இழுக்கின்றான். அவனுக்குச் சீனச்சொல் ஒன்றும் தெரியாது. இளைஞன் கையால் இழுக்கின்றான். அவன் பெயரே அடிக்கடி என் சீட்டில் வருகின்றது. தோட்டங்களில் உரம் போடவும் மருந்தடிக்கவும் வகுப்பு வைக்கின்றனர். தூக்குவதற்கும் இழுப்பதற்கும் ஒருமணிநேர வகுப்பு வைத்தால் எத்தனை முதுகு பிழைக்கும் என்று மேலாளரிடம் இருமுறை எழுதிக் கொடுத்துள்ளேன். மறுமொழி வந்தபாடில்லை.

முதியோருக்கு இக்கலை செய்யும் நன்மை கணக்கிடப்பட்டுள்ளது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் எழுபதும் அதற்கு மேலும் வயதுடைய 256 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆறு திங்கள் தாய்ச்சியும் மற்றதற்கு உடலை நீட்டும் பயிற்சியும் கற்பித்தனர். திரும்பத் திரும்ப விழும் ஆபத்துத் தாய்ச்சி பழகியோரிடத்து நூற்றுக்கு 55 பங்கு குறைந்திருந்தது. 2005இல் வெளிவந்த முடிவு இது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலேயே முடிந்துபோன முதியோரை நாம் ஒவ்வொரு லயத்திலும் அறிவோம். ஆதலின் இவ்வெண்ணின் மதிப்பை விளக்கவேண்டுவதில்லை.

அக்கட்டுரையைப் பெரியப்பாவுக்குத் தமிழிற் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, பின்னர், “காசு எவ்வளவுடா?” என்றார். ஆப்பேக் காசு வாங்குவதில்லை. சீனப் புத்தாண்டுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தால் போதும் என்றேன். சென்ற ஆண்டு முதல் என் வண்டியின் பின்னால் அமர்ந்து வருகின்றார். புறப்படுமுன் மாத்திரையை விழுங்கிவிட்டதைப் பெரியம்மா பார்த்து உறுதிசெய்வார். இரண்டு விரலில்லாத காலில் எடையை வைப்பது எளிதன்று. முதலில் வேலிக்கம்பியைப் பற்றிக்கொண்டே நின்றார். ஆப்பேக் அவருடைய தோளை ஒருநாளும் தொட்டுத் திருத்தியதில்லை. இருவரும் ஒத்த வயதினர் என்னும் மரியாதை போலும். எதிரே வந்து தாமும் அங்ஙனமே நிற்பார், அவ்வளவே. இப்பொழுது கம்பியை விட்டு ஏழெட்டு நிமிடம் நிற்கின்றார். வயிற்றில் ஏதேனும் தோன்றுகின்றதா என்று கேட்டேன். “பசிக்குதுடா” என்றார்.